அடைக்கு வைத்த கடிகாரம்

கண்ணாடிக்குள் மழை பெய்திருந்தது.

இலக்கியா முதலில் பார்த்தது அதைத்தான். கடிகாரம் பழுதுபார்க்கும் அந்தக் கடைக்கு வந்தவன் கைக்குட்டையை விரித்து மேசைமேல் வைத்த கடிகாரத்தில், கண்ணாடிக்கு உள்பக்கம் பொடிப்பொடியாக நீர்த்துளிகள். அழுகையை அடக்கிக்கொண்டு நிற்கிற கண் மாதிரி... அதற்குப் பின்னால் சந்தன நிற டயலும் நீலமான இரண்டு மெல்லிய முட்களும் மங்கலாகத் தெரிந்தன. தங்கம். முலாம் இல்லை, தங்கமே. கையில் எடுக்காமலே அவளுக்குத் தெரிந்தது.

வெளியே ஐப்பசி மழை சேலம் ஐந்து ரோட்டை வெள்ளையாக மறைத்துவிட்டிருந்தது. அவன் தலையிலிருந்து சொட்டிய தண்ணீர் கவுன்ட்டர் கண்ணாடியில் வட்டவட்டமாக விழுந்துகொண்டிருந்தது.

"தண்ணியில போட்டுட்டீங்களா?"

"போடலீங்க. பட்டுருச்சு."

"பட்டதும் அரிசிக்குள்ள வெச்சிருப்பீங்க." பத்துப் பேரில் ஒன்பது பேர் அதைத்தான் செய்துவிட்டு வருவார்கள்.

"இல்லீங்க."

"பின்ன?"

அவன் கொஞ்சம் தயங்கினான். "இன்குபேட்டர்ல வெச்சனுங்க."

"எதுல?"

"கோழிக்குஞ்சு பொரிக்கற இன்குபேட்டருங்க. நாமக்கல்ல நமக்கு ஒரு பொரிப்பகம் இருக்குது. தொண்ணூத்தொம்பதரை டிகிரி, மனுசன் ஒடம்புச் சூடுதான், கொஞ்சம்கூட ஏறாது எறங்காது. நல்லாக் காஞ்சிரும்னு நெனச்சனுங்க."

இலக்கியா கையிலிருந்த ட்வீசர் இடுக்கியைக் கீழே வைத்தாள். "குஞ்சுக்கு ஈரம் வேணுமே. உள்ள தண்ணி ஆவியா சுத்திக்கிட்டே இருக்குமே."

"அறுவது சதவீதமுங்க," என்றான், பாடம் ஒப்பிப்பவன் போல. சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவனுக்கே கேட்டது. முகம் மாறியது.

"சீக்கிரம் எடுத்துட்டீங்க சார். இருபத்தோரு நாள் விட்டிருந்தா குட்டி வாட்ச் ஒண்ணு வெளிய வந்திருக்கும்."

உள்ளறையில் கடை முதலாளி தீர்த்தகிரி சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டது கேட்டது. வந்தவனுக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. அவன் அந்தக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்பவர்கள் அப்படி நிற்பார்கள்.

சொல்லியிருக்க வேண்டாமோ என்று தோன்றியது அவளுக்கு.

அப்போதுதான் அவன் இடது மணிக்கட்டைக் கவனித்தாள். ஜப்பான்காரன் செய்த டைவிங் கடிகாரம். கடலுக்குள் இருநூறு மீட்டர் போகிறவர்களுக்கென்று வடிவமைத்தது. ஆனால் பத்துப் பன்னிரண்டாயிரத்துக்கு யாரும் வாங்கிக் கட்டலாம். கருப்பு டயல், பட்டாணி பட்டாணியாக வெள்ளைப் புள்ளிகள், விளிம்பில் சுற்றுகிற வளையம் முழுக்கக் கீறல். ரப்பர் பட்டையிலிருந்து லேசாகக் கிருமிநாசினி வாசனை. மழைத்துளிகள் அதன் கண்ணாடிமேல் விழுந்து உருண்டு ஓடின. உள்ளே துளி ஈரமில்லை. மணி நாலு பத்து.

"கடலே இல்லாத ஊர்ல இது எதுக்கு?" கேட்டுவிட்டாள்.

"ஒரு நாளைக்கு மூணு தடவ குளிக்கோணுங்க. ஊட்டுல ஒரு குளியல், பண்ணைக்குள்ள போகையில ஒரு குளியல், வெளிய வரையில ஒரு குளியல். கேட்டுல நுழைஞ்சா ரெண்டு பக்கமும் மருந்துத் தண்ணி பீச்சி அடிக்கும். குஞ்சுகளுக்கு நோய் வந்துறக் கூடாதுங்கல்ல... மூணு வருசமா இதோடவே நடந்து பழகிருச்சு. அதனாலதான் அன்னிக்கு இந்தத் தங்க வாட்சு கையில இருந்தப்பவும் கழட்டணும்னே தோணலீங்க."

அவன் பெயர் குணசீலன். மீதிக் கதையையும் அவனே சொன்னான், மழை விடாததால்.

ஆவணியில் அவனுக்குப் பெண் உறுதி செய்திருந்தார்கள். பெண் வீட்டில் சென்னிமலை என்பவர், பெண்ணின் அப்பா, மாப்பிள்ளைக்கென்று ஆசையாகச் சுவிட்சர்லாந்துக் கடிகாரம் வாங்கிப் போட்டார். ஒரு நாள் அவர் பொரிப்பகத்தைப் பார்க்க வருகிறார் என்றதும், மரியாதைக்காக அதைக் கட்டிக்கொண்டு போனான். மருந்துத் தண்ணீர் நனைத்தது. பதறிப்போய் இன்குபேட்டரில் வைத்தான். மறுநாள் காலையில் அந்த மனிதர் மறுபடி வந்து, குஞ்சு பொரிவதைப் பார்க்கிறேன் என்று கதவைத் திறந்தபோது, முட்டைகளுக்கு நடுவில் அவர் வாங்கிக் கொடுத்த கடிகாரம் உட்கார்ந்திருந்தது.

"'நாங்க ஆசையாக் குடுத்தத அடைக்கு வெச்சுட்டான்'னு ஊரெல்லாம் சொல்லிட்டாரு. சம்பந்தம் நின்னு போச்சுங்க."

"அய்யோ..."

"அது போனாப் போவுதுங்க. அந்தப் பொண்ணுகிட்ட நான் ரெண்டு தடவதான் பேசியிருப்பேன். ரெண்டு தடவயும் 'சாப்டீங்களா'ன்னுதான் கேட்டேன். ஆனா எங்கம்மா சொல்லிட்டாங்க... வாங்குனது வாங்குன மாதிரி போகோணும்னு. அடுத்த பொதங்கிழமை பேசுன பெரியவங்க வாராங்க. அதுக்குள்ள இது ஓடோணுமுங்க. ஓடாமத் திருப்பிக் குடுத்தா அப்புறம் எங்கம்மா அந்த ஊர்ப் பக்கம் ஒரு விசேசத்துக்குத் தலைநிமிந்து போக முடியாது. கம்பெனியில கேட்டேன். பெங்களூரு அனுப்பி மூணு மாசம்ங்கறாங்க."

தீர்த்தகிரி வெளியே வந்தார். கடிகாரத்தைப் பார்த்ததுமே தலையாட்டினார். "வேண்டாம் இலக்கியா. நாம தொறக்கற சரக்கா இது? ஒரு திருகு நழுவுனா நாம ரெண்டு பேரும் கடையைச் சாத்திட்டு ஊருக்குப் போகணும்."

சரிதான். அவர் சொல்வது முழுக்கச் சரி. அவள் கடிகாரத்தைத் திருப்பினாள், திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றுதான்.

பின்பக்கமும் கண்ணாடி.

கண்ணில் லென்ஸைப் பொருத்திக் குனிந்தாள். அதன் பிறகு எவ்வளவு நேரம் போனது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஓசூரில் கடிகாரத் தொழிற்சாலையில் ஆறு வருடம், இந்தக் கடையில் மூன்று வருடம்... எத்தனை ஆயிரம் கடிகாரங்களைத் திறந்திருக்கிறாள். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. உழுது முடித்த காட்டை மலைமேல் நின்று பார்ப்பதுபோல் தகட்டின்மேல் வரி வரியாக மினுக்கம். ஒவ்வொரு தகட்டின் ஓரமும் சாய்வாகச் சீவி, விளக்கொளி அதன்மேல் வழுக்கி ஓடும்படி கையால் தேய்த்திருந்தார்கள். சிவப்புக் கற்கள், பனித்துளி அளவில். அத்தனையின் மேலும் ஈரம். சாவி கொடுக்கும் தண்டின் அருகில் துருவின் முதல் பொட்டு.

வெளியே மழை இரைந்துகொண்டிருந்தது.

லென்ஸை எடுத்து நிமிர்ந்தபோது அவன் கடிகாரத்தைப் பார்க்கவில்லை என்பது தெரிந்தது. அவள் வலது கண்ணைச் சுற்றி லென்ஸ் பதித்திருந்த சிவந்த வளையத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பார்த்தது தெரிந்துவிட்டதும் சட்டென்று மழைப் பக்கம் திரும்பிக்கொண்டான். காது மடல் மட்டும் சிவந்திருந்தது.

"நான் செய்யறேன் அண்ணா," என்றாள் தீர்த்தகிரியிடம். "நழுவுனா எம்மேல."

*

மூன்றாம் நாள் வந்தான், கையில் ஒரு முட்டை அட்டையோடு. முப்பது முட்டை.

"எதுக்கு?"

"ரெட்டைக்கருவுங்க. அடைக்கு வெக்க முடியாது, எடுத்து வெச்சுருவோம். உங்களுக்குன்னு பொறுக்குனேன்."

"வாட்ச் மட்டும் வெப்பீங்க, ரெட்டைக்கரு வெக்க மாட்டீங்க."

அவன் சிரித்தான். சத்தமில்லாத சிரிப்பு. கண்ணோரம்தான் முதலில் சிரிக்கும், வாய் கொஞ்சம் கழித்து வந்து சேர்ந்துகொள்ளும். இதையெல்லாம் ஏன் கவனிக்கிறோம் என்று இலக்கியா தன்னையே கேட்டுக்கொண்டாள்.

கடிகாரம் அப்போது நூற்றுச் சொச்சத் துண்டுகளாகச் சின்னச் சின்னக் கிண்ணங்களில் கிடந்தது. அதைப் பார்த்து அவன் முகம் வெளுத்துப் போனது.

"இது... திரும்பச் சேருங்களா?"

"நீங்க பொரிக்கற குஞ்சு எப்படி முட்டைக்குள்ள சேருது? அதுபோல சேரும்."

"ஏனுங்க, நாலஞ்சு லட்சம்ங்கறாங்க இதை. செகண்டு முள்ளுகூட இல்ல. தேதி காட்டாது. இருட்டுல தெரியாது. தண்ணி ஆகாது. எதுக்குத்தானுங்க அவ்வளவு வெல?"

அவள் பதில் சொல்லாமல் லென்ஸை அவன் கையில் கொடுத்தாள். ஒரு சிறு தகட்டை ட்வீசரில் எடுத்துத் திருப்பிக் காட்டினாள். டயலுக்கு அடியில் போய்ப் புதைகிற தகடு. கட்டியிருப்பவன் கண்ணில் வாழ்நாளில் படாதது. அதன் முகத்தில் செதில் செதிலாக, ஒன்றின்மேல் ஒன்று ஏறிய வட்டங்கள். மழை விழுகிற குளம் மாதிரி.

அவன் வெகுநேரம் பார்த்தான்.

"யாரும் பாக்காத எடத்துல இவ்வளவு வேலையா..." குரல் தணிந்திருந்தது.

"செஞ்சவனுக்குத் தெரியும்ல."

"ஆமாங்க." கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, "ஆமாங்க" என்றான். பிறகு லென்ஸைத் துடைத்து, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தான். "நான் இதைத் தெரியாம அங்க கொண்டுபோய் வெச்சுட்டேன்."

அந்த ஒரு வாக்கியத்தில் இருந்த வருத்தம் அவளைத் தொட்டது. காசு போனதற்கான வருத்தம் இல்லை அது.

"உங்களோடதக் கொடுங்க," என்றாள். "அதையும் பாக்கலாம்."

அவன் கழற்றித் தந்தபோது மணிக்கட்டில் வெயில் படாத ஒரு வெளுத்த பட்டை. கடிகாரத்தில் அவன் சூடு இன்னும் இருந்தது. காதருகே வைத்து அசைத்தாள். உள்ளே அரைவட்ட எடை கரகரவென்று சுற்றியது. ஒளிவுமறைவில்லாத, தெருவில் நின்று கூப்பிடுகிற சத்தம். துடிப்புப் பார்க்கும் மெஷினில் வைத்தாள்.

"ஒரு நாளைக்கு பன்னெண்டு செகண்ட் வேகமா ஓடுது."

"தெரியுமுங்க. இருக்கட்டும்னு விட்டுட்டேன். கொஞ்சம் முன்னாடி இருந்தா நல்லதுதானே."

"இந்த வளையத்தை யாரும் திருப்பறதே இல்ல. உங்களோடது தேஞ்சு போயிருக்கு."

அவன் முகம் பிரகாசமானது. "குஞ்சுகளுக்கு மொத நாள் ஒரு ஊசி இருக்குதுங்க. மருந்தைக் கலக்கிட்டா ஒரு மணி நேரம்தான். அதுக்குள்ள போட்டு முடிச்சுறோணும், இல்லாட்டி வீரியம் போயிரும். கலக்குன நிமிசத்துக்கு நேரா வளையத்துல இருக்கற இந்த முக்கோணத்தைத் திருப்பி வெச்சுருவேன். கை நெறைய குஞ்சு இருக்கறப்ப வேற எதையும் பாக்க நேரமிருக்காது, இதை மட்டும் ஒரு பார்வை... அப்புறம் இது ஒரு பக்கந்தானுங்க திரும்பும். பின்னால போகாது. தெரியாம எங்கியாவது இடிச்சாக்கூட நேரம் அதிகம் போயிருச்சுன்னுதான் காட்டும். சீக்கிரம் முடிடான்னு சொல்லும். இன்னும் நேரமிருக்குதுன்னு பொய் சொல்லாது."

கடலுக்கடியில் மூச்சு தீரும் முன் மனிதனை மேலே ஏற்றுவதற்காக எவனோ யோசித்துச் செய்தது. அது இங்கே நாமக்கல்லில், ஒரு நாள் வயசுக் குஞ்சுகளுக்குக் காவல் இருக்கிறது. இலக்கியா அந்தத் தேய்ந்த வளையத்தைக் கட்டைவிரலால் ஒரு முறை நகர்த்திப் பார்த்தாள். டிக், டிக், டிக்... அழகாகத்தான் இருந்தது. அந்தக் கிண்ணங்களில் கிடந்த தங்கத்துக்குக் கொஞ்சமும் குறையாமல், வேறொரு விதமாக.

"எல்லாத்துக்கும் கடைசியில ஒரு 'ங்க' போட்டுருவீங்களா? குஞ்சுகிட்டகூடவா?"

"குஞ்சுகிட்ட இல்லீங்க," என்றான் தீவிரமாக. "கோழிகிட்டதான்."

இந்த முறை அவள் சிரித்துவிட்டாள். தீர்த்தகிரி உள்ளிருந்து எட்டிப் பார்க்கும் அளவுக்கு.

ஆறாம் நாளும் வந்தான். வேலை இருந்தது என்றான். என்ன வேலை என்று அவள் கேட்கவில்லை. ஒரு மணி நேரம் மேசைக்கு எதிரில் உட்கார்ந்திருந்தான். அவள் துருவெடுத்த தண்டைப் பொருத்தினாள், சக்கரங்களை ஒவ்வொன்றாக அதனதன் இடத்தில் இறக்கினாள். இருவரும் சேர்ந்து பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம். கடைசியில், கடிகாரத்துக்கு இதயம் போன்ற பேலன்ஸ் சக்கரம் தானாக ஒரு முறை நடுங்கி, பின் ஆடத் தொடங்கியபோது, அவன் மூச்சை விட்டான். அதுவரை பிடித்து வைத்திருந்தான் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

அன்று வாழப்பாடி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவள், ஏதோ நினைப்பில் தன் ஊரைத் தாண்டி அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வந்தாள்.

*

செவ்வாய்க்கிழமை. கடிகாரம் தயார். புதுத் தோல்பட்டை, துடைத்த கண்ணாடி. காதில் வைத்தால் யாரோ பக்கத்து அறையில் தூங்குவது போன்ற மெல்லிய மூச்சு.

"டயல்ல ஆறாம் நம்பர்கிட்ட ஈரம் பட்ட கறை ஒரு சின்ன நிழலா தங்கிப் போச்சு," என்றாள். "மறைச்சிருக்கலாம். மறைக்கல. அவங்ககிட்டச் சொல்லியே கொடுங்க."

"சொல்றனுங்க."

போயிருக்கலாம். போகவில்லை. கடிகாரப் பெட்டியைச் சட்டைப் பைக்கும் மேசைக்குமாக மாற்றிக்கொண்டிருந்தான். நெற்றியில் வேர்த்திருந்தது, வெளியே குளிர்ந்த காற்று அடித்தும்.

"ஏனுங்க... ஒண்ணு சொல்லோணும்."

இலக்கியாவின் கைகள் மேசைக்கடியில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன.

"நீங்க..." அவன் தன் இடது மணிக்கட்டைத் தொட்டான். "நீங்க இந்த வாட்சு மாதிரிங்க."

அவள் அவன் மணிக்கட்டைப் பார்த்தாள். கீறல் விழுந்த கருப்பு இரும்பை. பிறகு அவன் சட்டைப் பையை.

"எப்படி?"

அவன் தடுமாறினான். "எப்படின்னா... எதையும் தாங்குமுங்க. கீழ விழுந்தாலும் ஒண்ணும் ஆகாது..."

அவளுக்குள் எங்கேயோ ஒரு விளக்கு அணைந்தது.

அவளைப் பெண் பார்க்க இரண்டு குடும்பங்கள் வந்து போயிருக்கின்றன. இரண்டு வீட்டாருமே அப்பா காளியப்பனிடம் ஒன்றைத்தான் சொன்னார்கள். கெட்டியான பொண்ணு, நல்லா உழைக்கும், தாங்கும். மாடு வாங்க வந்தவர்கள் மாதிரி. கண்ணைப் பற்றியோ சிரிப்பைப் பற்றியோ ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை யாரும் சொன்னதில்லை. பத்து நாட்களாக ஒருவன் தன் கண்ணைத் திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொண்டிருந்ததை அவள் யாரிடமும் சொல்லாமல் உள்ளே வைத்திருந்தாள்.

"வெலை கம்மி, ரொம்ப நாள் உழைக்கும்," என்றாள். "சரிதான் சார். கிளம்புங்க. நாளைக்குப் பெரியவங்க வராங்க."

"நான் அப்படிச் சொல்லலீங்க..."

அவள் லென்ஸைக் கண்ணில் மாட்டிக்கொண்டு வேறொரு கடிகாரத்தின்மேல் குனிந்தாள். அதில் எதுவும் தெரியவில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நனைந்திருந்தது.

கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது.

*

அதன் பிறகு மழை விட்டு, மறுபடி பிடித்தது. அவன் வரவில்லை. ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் அவள் நிமிரவில்லை, நிமிராமலிருக்கக் கற்றுக்கொண்டாள். முட்டை அட்டை காலியாகி மேசைக்கடியில் கிடந்தது. தீர்த்தகிரி இரண்டு முறை அதைத் தூக்கிப் போடப் போனார். இரண்டு முறையும் "இருக்கட்டும்" என்றாள்.

பன்னிரண்டாம் நாள் மாலை, ஐம்பதைத் தாண்டிய ஓர் அம்மாள் உள்ளே வந்தார். இளம்பிள்ளை ஊர்ப் பட்டுச் சேலை, ஓரமெல்லாம் சேறு. இடுப்பிலிருந்து ஒரு சுருக்குப் பையை எடுத்து, அதற்குள்ளிருந்து எதையோ மேசைமேல் வைத்தார்.

"இது நின்னு போச்சு சாமி. என்னன்னு பாரு."

கருப்பு டயல். கீறல் விழுந்த வளையம்.

"என்ன ஆச்சுங்கம்மா?"

"என்ன ஆச்சுன்னு தெரிஞ்சா நான் ஏன் இந்த மழையில வாரேன். எம்மவன் குணசீலன் இதைக் கட்டறதே இல்ல. பத்து நாளா அலமாரியில கெடக்குது. இன்னிக்கு எடுத்துப் பாத்தா முள்ளு நகரல. ரிப்பேருன்னு தூக்கிட்டு வந்துட்டேன்."

இலக்கியா அதைக் கையில் எடுத்தாள். இந்த முறை சூடில்லை, சில்லென்றிருந்தது. மெதுவாக ஒரு முறை, இரு முறை அசைத்தாள். கரகரவென்று அந்தப் பழைய சத்தம். செகண்டு முள் ஒரு தரம் துள்ளி, ஓடத் தொடங்கியது.

"ரிப்பேர் இல்லைங்கம்மா. இது கை அசையறதுலதான் ஓடும். கட்டாம வெச்சா ரெண்டு நாள்ல நின்னுடும்."

"கட்டுனா ஓடுமா?"

"ஓடும்."

"அவ்வளவுதானா?" அந்த அம்மாள், ராமாயி, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சென்னிமலை அண்ணன்கிட்ட அந்தத் தங்க வாட்சைக் குடுத்தோம். காதுல வெச்சுப் பாத்தாரு. டயல்ல நெழல் இருக்குதுன்னு இவன் அவனாவே சொன்னான். அதைக் கேட்டு அவருக்கு மனசு எறங்கிருச்சு போல. மறுக்கா ஆள் உட்டாரு, சம்பந்தம் பண்ணிக்கலாம்னு. இவன் முடியாதுன்னுட்டான்."

இலக்கியா ஓடுகிற கடிகாரத்தின் நேரத்தைச் சரிசெய்து மேசைமேல் வைத்தாள்.

"ஏன்டா இந்த வாட்சைக் கட்டறதில்லைன்னு கேட்டா, 'ஒருத்தங்களை இதோட சேத்துப் பேசித் தொலைச்சுட்டேன்மா, கட்டுனா அவங்க மொகம் போன விதந்தான் தெரியுது'ங்கறான். முப்பது வயசு ஆம்பளை பேசற பேச்சா அது? கைக்கடியாரம் இல்லாம ஊசி போடற எடத்துல செவுத்துக் கடியாரத்தைப் பாத்துப் பாத்துக் கழுத்து சுளுக்கிக்கிச்சு."

இலக்கியாவுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணிலும் ஏதோ வந்தது. இரண்டையும் விழுங்கினாள்.

"ஊடு எந்தப் பக்கம் சாமி உனக்கு?"

"வாழப்பாடி பக்கம். அப்பா கூலிக்குக் காட்டு வேலைக்குப் போறார். மரவள்ளிக் கிழங்கு பிடுங்க." முழுதாகச் சொன்னாள். பாதியில் நிறுத்தினால் பிறகு அந்தப் பாதி பெரிதாகிவிடும் என்று தெரியும்.

ராமாயி சுருக்குப் பையின் கயிற்றை இழுத்து மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். மேசைமேல் அந்தக் கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. தெருவில் ஒரு லாரி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனது.

"பண்ணை வெக்கறதுக்கு முந்தி நானும் கெழங்கு புடுங்குனவதான்," என்றார் கடைசியில். "சொந்தத்துல பேசுவாங்க. பேசுனாப் பேசட்டும்னு சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரல. வந்துரும்னு நெனைக்கறேன்." எழுந்தார். "இந்த டீக்கடைக்காரன் டீ நல்லாப் போடுவானா? நான் போய்க் குடிச்சுட்டு வாரேன். அவன் வெளிய வண்டியிலதான் உக்காந்திருக்கான். கழுத்தைத் திருப்பக்கூட முடியல, எறங்கவும் மாட்டேங்கறான்."

*

குஞ்சுப் பெட்டிகள் ஏற்றும் வேன் வேப்பமரத்தடியில் நின்றிருந்தது. மரம் தன் பங்குக்கு இன்னொரு மழையைப் பெய்துகொண்டிருந்தது. இலக்கியா கடிகாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள், குடை எடுக்கவில்லை. எடுக்க மறந்துவிட்டாள்.

அவளைப் பார்த்ததும் அவசரமாக இறங்கினான். கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. வெறும் மணிக்கட்டு, வெளுத்த பட்டையோடு.

"நீங்க நனையறீங்க..."

"என்ன சொல்ல வந்தீங்க அன்னிக்கு?"

அவன் தரையைப் பார்த்தான். மழையைப் பார்த்தான். போக வேறு இடமில்லாமல் அவள் கண்ணுக்கே வந்து சேர்ந்தான்.

"வெலைய நெனச்சுச் சொல்லலீங்க. வலுவையும் நெனச்சுச் சொல்லலீங்க. எனக்குப் பேச வராது... நான் கையை உட்டுக் கழட்டாதது அது ஒண்ணுதானுங்க. குளிக்கறப்ப, தூங்கறப்ப, குஞ்சோட இருக்கறப்ப... அது பாட்டுக்குக் கூடவே இருக்கும். அப்படி நீங்க இருந்தா நல்லா இருக்குமேன்னு... அதைத்தான் சொல்ல வந்தேன். நீங்க எப்படின்னு கேட்டதும் பயந்து போய் என்னென்னமோ சொல்லிட்டேன்."

அவன் மூச்சு வாங்கிக்கொண்டான்.

"அழகுன்னு சொல்லோணும்னா அந்தத் தங்க வாட்சோட பின்பக்கத்தைக் குனிஞ்சு பாத்தீங்களே, அன்னிக்கே சொல்லியிருக்கோணும். நான் எங்க அதைப் பாத்தேன்... உங்க கண்ணைச் சுத்தி செவப்பா ஒரு வளையம் இருந்துச்சுங்க. இன்னும் எனக்கு அதுதான் தெரிஞ்சுட்டே இருக்குது."

மழை அவள் இமையில் நின்று, கன்னத்தில் இறங்கியது. எது மழை, எது மழையில்லை என்று பிரிக்க அவளுக்கே முடியவில்லை. இருபத்தேழு வருடங்களில் அவளுக்கென்று வந்த முதல் வார்த்தை. அதுவும் கழுத்துச் சுளுக்கோடு.

"மருந்தைக் கலக்குனா ஒரு மணி நேரத்துல போட்டுறணும்னு சொன்னீங்கல்ல?" என்று கேட்டாள்.

"ஆமாங்க."

"குஞ்சுக்கு மட்டும் அவ்வளவு அவசரம். மனசுல இருக்கறதை மட்டும் கலக்கி வெச்சுட்டு இத்தனை நாள் சும்மா உக்காந்திருக்கீங்க."

அவன் முகத்தில் நிஜமான கலவரம் வந்தது. "வீரியம்... போயிருச்சுங்களா?"

அவள் அவன் இடது கையைப் பிடித்தாள். கடிகாரத்தை அந்த வெளுத்த பட்டையின்மேல் வைத்து, ஈரத்தில் வழுக்கிய ரப்பர் பட்டையை இழுத்து, பழைய துளையிலேயே மாட்டினாள். அதன் பிறகும் கையை விடவில்லை. கட்டைவிரலால் அந்தத் தேய்ந்த வளையத்தை மெல்ல நகர்த்தினாள். டிக்... டிக்... டிக்... முக்கோணம் நிமிட முள்ளுக்கு நேராக வந்து நின்றது. ஐந்து மணி இருபத்து மூன்று.

"போகலீங்க," என்றாள் இலக்கியா. "இப்ப இருந்துதான் ஆரம்பம்."